தின்று முடித்த பூச்சி

தேரூர்ப் பக்கம் கும்பப்பூ நெல் பொதியாக நிற்கிறது. தை மாதத்து ராத்திரி, ஏழரை மணி இருக்கும். வரப்பில் மூன்று கம்பைக் கூட்டிக் கட்டி, நடுவில் ஒரு பல்பைத் தொங்கவிட்டிருக்கிறார் பாட்டா. அடியில் அலுமினியச் சட்டி. தண்ணீருக்கு மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய் மினுங்குகிறது. பக்கத்தில் பேரன் குத்தவைத்திருக்கிறான். நான் சற்றுத் தள்ளி மடைக்கல்லில் இருக்கிறேன்.

முதலில் கொசுவும் பொடிவண்டும்தான் வந்து விழுந்தன. அப்புறம் அது வந்தது. பல்பில் மோதி, கம்பில் ஒட்டிக்கொண்டது. பெண் குருத்துப்பூச்சி. வைக்கோல் நிற முன்னிறக்கை ஒவ்வொன்றிலும் மை தொட்டு வைத்தது மாதிரி ஒரு கரும்புள்ளி. வயிற்று நுனியில் மயிர்க்கொத்து.

"இது என்ன திங்கும் பாட்டா?"

"திங்கதெல்லாம் புழுவா இருக்கும்போ தின்னாச்சு மக்களே. இனி ஒண்ணும் திங்காது."

உண்மைதான். நெல்தண்டுக்குள் இருந்து குடைந்து தின்றபோது சேர்த்த கொழுப்பு மட்டுமே அதன் கைமுதல். நாம் இழந்த கதிர்தான் அந்த வயிற்றில் கொழுப்பாக இருக்கிறது. ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இன்னும் சில நாள். அதற்குள் இணை தேடி, பறந்து, முட்டையிட்டாக வேண்டும்.

அந்தக் கொழுப்பு தானாக இளகி வராது. அந்துப்பூச்சிகளின் மூளைக்குப் பின்னால் ஒரு சிறு சுரப்பி ஜோடி. பறக்கத் தொடங்கியதும் அதிலிருந்து அடிப்போகைனெட்டிக் ஹார்மோன் ரத்தத்தில் இறங்குகிறது. முதலில் இதன் அமைப்பை 1976-இல் வெட்டுக்கிளியில் கண்டார்கள். 1985-இல் புகையிலைக் கொம்புப்புழுவின் அந்துப்பூச்சியில் கண்டார்கள். அந்துப்பூச்சியில் அது ஒன்பதே அமினோ அமிலம் கோத்த துண்டுச்சரம். அது போய்ச் சொன்னால்தான் கொழுப்புத் திசு தன் இருப்பை உடைத்து வெளியே விடும். ரத்தத்தில் உள்ள ஒரு புரதம் அதைச் சுமந்துபோய் இறக்கைத் தசையில் இறக்கும். அறுப்புக் காலத்தில் கட்டைக் களத்தில் போட்டுவிட்டு அடுத்த கட்டுக்கு வயலுக்குத் திரும்புகிற சுமட்டுக்காரரைப் போல, அதே புரதம் மறுபடியும் ஏற்றிக்கொள்ளத் திரும்பும். இத்தனையும் இந்தச் சின்ன உடம்புக்குள் என்று நினைத்தபோது என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

சட்டிக்குள் ஏழெட்டு விழுந்து கிடந்தன. இரண்டு இன்னும் இறக்கையை அடித்துக்கொண்டிருந்தன, எண்ணெய்ப் படலம் சுற்றிச் சுற்றி வளைந்தது. கம்பில் இருந்தது மட்டும் அசையவில்லை. பையன் விரலை நீட்டினான். பாட்டா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தார். இருட்டு கண்ணுக்குப் பழகுமுன் கம்பு காலியாகிவிட்டது.

பாட்டா டார்ச்சை நெற்பயிரின் மேல் ஓட்டினார். ஒரு இலையின் நுனிக்குக் கீழே பயறு அளவில் தவிட்டு நிறப் பஞ்சு. வயிற்று மயிரை உதிர்த்து மூடிவைத்த முட்டை. நுனியைக் கிள்ளி எடுத்து வேட்டி மடியில் முடிந்துகொண்டு, அடுத்த இலைக்கு வெளிச்சத்தை நகர்த்தினார்.