அந்தத் தலைவலியை நான் நம்பவில்லை

அமெரிக்காவில் பிரசவ வார்டு நர்ஸாக இருக்கிறேன். தமிழ்ப் பெண், கறுத்த நிறம். அதனாலேயே எனக்குள் நிறபேதம் இருக்காது என்று நம்பியிருந்தேன். அது பொய்.

பிரசவமான மறுநாள் இரவு ஒரு கறுப்பினத் தாய் தலை பிளக்கிறது என்றார். கண்ணில் பூச்சி பறக்கிறது என்றார். பிரசவத்துக்குப் பிறகும் ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வரலாம். இவை இரண்டும் அதற்கு அறிகுறிகள். பரீட்சை எழுதித் தேறியவள் நான், எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு டைலினால் வலி மாத்திரையைக் கொடுத்து, தூங்கினால் சரியாகிவிடும் என்றேன். மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் இதையே சொல்லியிருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன்.

கூடவே ஒரு டூலா, அதாவது பிரசவத் துணையாளர், இருந்தார். கர்ப்ப காலத்திலிருந்தே அந்தத் தாயின் வீட்டுக்குப் போய்வந்தவர், அதே பேட்டைக்காரர். 1991-ல் தொடங்கிய ஹெல்த்தி ஸ்டார்ட் போன்ற தாய்சேய் நலத் திட்டங்கள் இப்படிப்பட்டவர்களைத்தான் நம்பியிருக்கின்றன. "இவருக்கு இப்படித் தலைவலி வந்ததே இல்லை. பிபி பாருங்கள்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நர்சிங் படிக்காத ஒருத்தி எனக்குப் பாடம் எடுப்பதா? பார்வையாளர் நேரம் முடிந்தது என்று வெளியே அனுப்பினேன். பிபி பட்டை கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் எட்டும்.

விடிவதற்குள் அந்தத் தாய்க்கு வலிப்பு வந்துவிட்டது. ஐசியுவுக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தார். குழந்தையின் முதல் நாட்கள் எதுவும் அவருக்கு நினைவில்லை. பசித்து அழுத பிள்ளைக்குப் பாட்டிதான் புட்டிப்பால் கொடுத்தார்.

2023-ல் அமெரிக்காவில் அந்தந்த இனத்தில் 1 லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால், இறந்த கறுப்பினத் தாய்மார் 50.3, வெள்ளையினத் தாய்மார் 14.5. வறுமை, படிப்பின்மை, ஆஸ்பத்திரிக்கு நேரத்தில் வராதது என்றே நான் காரணம் சொல்லி வந்தேன். ஆனால் 2017-ல் குழந்தை பெற்ற டென்னிஸ் நட்சத்திரம் செரீனா வில்லியம்ஸே தன் நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கலாம் என்று சொல்லி, ஸ்கேன் எடுக்கும்படி வற்புறுத்த வேண்டியிருந்தது. என் நோயாளியும் நேரத்தில் வந்திருந்தார். நேரத்தில் சொல்லவும் செய்தார்.

பதிவேட்டில் 'லேசான தலைவலி' என்று எழுதியிருந்தேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உரிமம் போய்விடுமோ என்ற பயம். யாரும் என்னைத் தடுக்கவில்லை.