ஆறு எம்.எம். மயில் கண்

கோவை கணபதியில் அந்தப் பட்டறைக்குள் காலை எட்டரைக்கு நுழைந்தபோது பட்டறைக்காரர் மெஷின் பக்கமே இல்லை. பின்னால் கம்ப்ரசருக்கு அடியில் குந்தி உட்கார்ந்து வால்வைத் திறந்துவிட்டிருந்தார். அரை டம்ளர் தண்ணீர் கலங்கலாகக் கொட்டியது.

"இது டார்ச்சுக்குள்ள போயிருந்தா ரெண்டு டிப் காலிங்க தம்பி. மொதல்ல காத்து காயணும். மத்ததெல்லாம் அப்புறம்."

நான் போனது மயில் வெட்டக் கற்றுக்கொள்ள. அக்கா வீட்டு கேட்டில் பொருத்துவதற்கு, 16 கேஜ் தகட்டில், ஒன்றரை அடி உயரத்தில் தோகை விரித்த மயில். இறகு நுனி ஒவ்வொன்றிலும் ஆறு எம்.எம். விட்டத்தில் ஒரு கண். மொத்தம் 19 கண்கள். "இது லேசர் வேலை, பிளாஸ்மாவுல வராது" என்றுதான் விசாரித்த இடங்களில் எல்லாம் சொன்னார்கள். லேசர் மெஷின் வாங்கிப் போடுகிற வசதி எத்தனை கிரில் பட்டறைக்கு இருக்கிறது? கம்ப்யூட்டர் கோட்டைப் பின்தொடர்ந்து நெருப்பால் தகடு வெட்டுகிற பிளாஸ்மா டேபிளின் விலை அதில் ஒரு சிறு பங்குதான். அதைக்கொண்டு எவ்வளவு நுணுக்கமாக வெட்ட முடியும் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

துரு ஏறக் கூடாதே என்று ஜி.ஐ. ஷீட் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. மேலே இருக்கிற துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகையாக வரும். மூடிய கொட்டகையில் அதைச் சுவாசித்தால் ராத்திரி காய்ச்சலில் நடுங்க வேண்டியதுதான். சாதா எம்.எஸ். தகடு போதும், பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்றார்.

பிறகு அந்த நெருப்பைக் கக்குகிற டார்ச்சைக் கழற்றி, உள்ளே இருந்த இரண்டு சாமான்களை என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று எலக்ட்ரோடு. சுண்டுவிரல் நுனி அளவு செம்பு; முகத்தின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. பொட்டு ஹாஃப்னியம் என்ற உலோகம். ஆர்க் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பழைய எலக்ட்ரோடில் அந்தப் பொட்டு குழிந்திருந்தது. குழி ஒரு எம்.எம். ஆழத்தைத் தாண்டினால் மாற்றிவிடுவாராம். இன்னொன்று டிப். அதன் ஓட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். புதியதில் ஊசி குத்தியது போல் வட்டம். பழையதில் அது ஒரு பக்கம் இழுத்துப் பூசணி விதை மாதிரி இருந்தது. அந்த டிப்பில் வெட்டினால் ஓரம் நேராக நிற்காது, சரியும். சூட்சுமம் எல்லாம் இந்த ஓட்டையில்தான். வெல்டிங் ஆர்க்கைச் சின்னத் துளைக்குள் நெருக்கினால் அது கத்தியாகிவிடும் என்பதற்கு அமெரிக்காவின் யூனியன் கார்பைடு கம்பெனியைச் சேர்ந்த ராபர்ட் கேஜ் 1957-இல் காப்புரிமை பெற்றார். துளைக்குள் நெருக்கப்படும் காற்று 20,000 டிகிரி வரை கொதிக்கிறது. இரும்பை உருக்குவது அந்தச் சூடு. உருகியதைக் கீழே ஊதித் தள்ளுவதும் அதே காற்றுதான்.

மயிலை ஓரமாக வைத்துவிட்டு, 50-க்கு 50 எம்.எம். சதுரம் ஒன்றை வெட்டச் சொன்னார். பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினேன். படீரென்று ஒரு சத்தம், அப்புறம் காதைக் கிழிக்கிற சீறல். சில நொடிகளில் சதுரம் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. வெர்னியர் வைத்துப் பார்த்தால் 48.9.

"ஒன்னு புள்ளி ஒன்னு எங்க போச்சு?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நெருப்புக்கும் அகலம் இருக்குதுங்க. கோட்டுக்கு அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி தின்னுடும். நாம சொன்னாத்தான் மெஷினுக்குத் தெரியும்."

நுண்வேலைக்கான மெல்லிய டிப்பை மாட்டி, ஆம்பியரை 30-க்கு இறக்கி மறுபடி வெட்டினோம். 49.2 வந்தது. அப்படியானால் நெருப்பின் அகலம் 0.8. அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் கொடுத்தால் கோட்டைவிட்டு 0.4 தள்ளியே டார்ச் ஓடும். அதோடு தீரவில்லை. இறகுக்கும் இறகுக்கும் நடுவே நான் வரைந்திருந்த நரம்பு இரண்டு எம்.எம். அளவு சரியாகவே வந்தாலும், இருபுறமும் சூடு ஏறி அது தொய்ந்துவிடும் என்றார். நான்காக மாற்றினேன்.

அடுத்து வேகம். ஒரு சாண் நீளத்துக்கு நான்கு கோடுகள்: நிமிடத்துக்கு 2,000, 2,750, 3,500, 5,000 எம்.எம். வெட்டியதும் தகட்டைத் திருப்பிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். 2,000-இல் அடியில் பருக்கை பருக்கையாக ஸ்லாக், அதாவது உருகி உறைந்த கசடு; தட்டினால் உதிர்ந்தது. 5,000-இல் நூல் மாதிரி மெல்லிய கரை. உளிக்கும் அசையவில்லை, கிரைண்டர்தான் வேண்டும். இரண்டுமே ஸ்லாக்தான்; ஒன்று மெதுவாகப் போனதால் வந்தது, மற்றது விரட்டியதால். 3,500-இல் நகம் வழுக்கிக்கொண்டு போனது.

இனி மயிலைப் போடலாம் என்று நினைத்தேன். போட்டதும் கழுத்து வளைவில் மெஷின் நடுங்க ஆரம்பித்தது. ஓரம் முழுக்க ரம்பப் பல். உடனே நிறுத்திவிட்டார்.

குற்றம் என் படத்தில். போனில் இருந்த படத்தை இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் போட்டுத் தானாகக் கோடெடுக்க விட்டிருந்தேன். திரையில் வழவழவென்று தெரிந்த வளைவு உண்மையில் நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டிக் கோடுகள். ஒவ்வொரு மூலையிலும் மெஷின் பிரேக் போட்டு மறுபடி கிளம்புகிறது. அது தயங்குகிற கணத்திலும் நெருப்பு எரிந்துகொண்டேதான் இருக்கிறது. தயங்கிய இடத்தில் பள்ளம் விழுகிறது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோடுகளை அழித்துவிட்டு வட்டத் துண்டுகளாக வரையவைத்தார். கழுத்து முழுவதற்கும் மூன்றே துண்டுகள். இரண்டு மணி நேரம் ஆனது. அங்கே நான் கற்றதில் பெரும்பகுதி இந்த இரண்டு மணி நேரம்தான். லேசர் வேலை என்று என்னைத் திருப்பி அனுப்பியவர்களும் மெஷினைத்தான் நினைத்தார்கள், படத்தை யாரும் கேட்கவில்லை.

கண்ணுக்கு வந்தோம். முதல் கண் முட்டை வடிவத்தில் வந்தது. 3,500 என்று எழுதியிருந்தாலும் ஆறு எம்.எம். வட்டத்துக்குள் மெஷின் அந்த வேகத்தைப் பிடிப்பதற்குள் வட்டமே முடிந்துவிடுகிறது. துளைகளுக்கு மட்டும் 2,100 வைத்தோம். இரண்டாவது கண்ணில் டார்ச் குனிந்து தகட்டில் முட்டியது. காரணம் கேட்டேன். டார்ச்சின் உயரத்தை மெஷின் வோல்டேஜை வைத்துத்தான் அறிகிறது. வளைவில் வேகம் குறையும்போது வெட்டு அகலமாகி வோல்டேஜ் ஏறும். உயரத்தில் இருக்கிறோம் என்று எண்ணி மெஷின் டார்ச்சைக் கீழே இறக்கிவிடும். துளை வெட்டும்போது உயரக் கட்டுப்பாட்டை நிறுத்திவைத்தோம். தகட்டிலிருந்து ஒன்றரை எம்.எம். உயரத்தில் டார்ச் அப்படியே நின்றது. நெருப்பை நடுவில் குத்தி, அங்கிருந்து ஓரத்துக்கு வந்து, இடஞ்சுழியாக ஒரு சுற்று. காற்று டிப்புக்குள் சுழன்று வருவதால், போகிற திசைக்கு வலப்பக்க ஓரம்தான் நேராக நிற்கும். அதனால் துளை இடஞ்சுழி, வெளிக்கோடு வலஞ்சுழி. மூன்றாவது கண் வட்டமாக விழுந்தது.

புதுத் தகடு ஏற்றினோம். உள்வெட்டு எல்லாம் முதலில், வெளிக்கோடு கடைசியில். இறகுகளை வரிசையாக வெட்டினால் சூடு ஒரே இடத்தில் சேர்ந்து தகடு அப்பளம் போல் எழும்பும். அதனால் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று மாற்றி மாற்றி. 19 கண்களும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டே நின்றேன்.

வெளிக்கோடு முடிந்ததும் மயிலைத் தூக்கி, உளியால் ஒரு இழு இழுத்து ஸ்லாக்கை உதிர்த்தார். நான் வெர்னியரைத் தேடினேன். அவர் மேஜை டிராயரிலிருந்து ஆறு எம்.எம். போல்ட் ஒன்றை எடுத்துக் கண்கள் ஒவ்வொன்றிலும் விட்டு எடுத்தார். நுழைந்தது, நுழைந்தது, நுழைந்தது. பதினேழாவதில் பாதியில் நின்றது. ஒன்றும் சொல்லாமல் உருண்டை அரத்தை என்னிடம் நீட்டினார்.