கூடை இல்லாமல் ஒரு நடை

ஒன்பதாம் வகுப்பில் எனக்குச் சைக்கிள் வாங்கித் தந்தார்கள். தலத்தெருவிலிருந்து காரைக்கால் டவுனில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக. எந்த வழியாகப் போக வேண்டும், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதையும் அப்பா அன்றே சொல்லிவிட்டார். ஒருநாள் பள்ளி விட்டதும் அரசலாற்றுப் பாலம் வரை போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தேன். நான் வீடு வருவதற்குள் சேதி வந்துவிட்டிருந்தது. சைக்கிளுக்கு ஒரு வாரம் பூட்டு.

அம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டபோது, அம்மா புதிதாகக் கல்யாணமாகி இங்கே வந்திருந்தார். அந்த அலை அவரிடம் வந்து சேரவில்லை. அவர் நடப்பார். கையில் எப்போதும் ஒரு ஒயர் கூடை இருக்கும். "எங்க கெளம்பிட்டீங்க?" என்று யாராவது கேட்டால் கூடையே பதில் சொல்லிவிடும். வெறுங்கையோடு அம்மா தெருவில் நடந்து நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் எங்களுடையது காரைக்கால் அம்மையாரின் ஊர். அழகை உதறிப் பேயுருவை வேண்டி வாங்கி, கயிலைக்குத் தலையாலேயே நடந்தவர் என்று பெரிய புராணம் சொல்லும் பெண். ஆண்டுதோறும் ஆனியில் மாங்கனி இறைத்து அவரைக் கொண்டாடுகிறோம். காலால் நடக்கும் பெண்ணிடம் மட்டும் காரணம் கேட்கிறோம்.

இப்போது நான் ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரத்தில் வசிக்கிறேன். சைக்கிளுக்குப் பேர்போன ஊர். பழைய கோட்டைச் சுவர் இருந்த இடத்தில், நகரின் நடுப்பகுதியைச் சுற்றி ஏறக்குறைய நாலரை கிலோமீட்டருக்கு மரநிழல் பாதை போட்டிருக்கிறார்கள். 'ப்ரொமெனாட' என்று பெயர். ரயில் நிலையத்தின் எதிரே 1999இல் திறந்த நிலத்தடி நிறுத்தத்தில் 3,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களை விடலாம். நரைத்த தலையோடு பாட்டிமார்கள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு என்னை முந்திப் போவார்கள். வந்த புதிதில் நான் எங்கே போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது எனக்கு விடுதலையாகவும் இருந்தது, சில மாலைகளில் தனிமையாகவும் இருந்தது.

சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஆள் நடமாட்டமில்லாத இருட்டுப் பாதைகளுக்கு ஜெர்மன் மொழியில் 'அச்ச இடம்' என்று பொருள்படும் ஒரு சொல்லே இருக்கிறது. இரவில் தனியாக வீடு திரும்புகிறவர்கள் அழைத்தால், வீடு சேரும்வரை தன்னார்வலர்கள் பேசிக்கொண்டே வரும் தொலைபேசிச் சேவையும் உண்டு. இவை தேவைப்படுகிற நாடுதான் அதுவும். நானும் இருட்டினால் சாவியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். ஆனால் அந்த இருட்டுக்கு விளக்குப் போடுங்கள் என்று அங்கே நகராட்சியைக் கேட்க முடிகிறது. என் ஊரில், அந்த நேரத்தில் உனக்கென்ன வேலை என்று என்னைத்தான் கேட்பார்கள்.

என் பிரசவத்துக்கு அம்மா வந்து மூன்று மாதம் இருந்தார். மாலையில் ப்ரொமெனாடில் நடக்கச் சொன்னேன். கடையில் வாங்க ஒன்றுமில்லாதபோதும் துணிப்பையை எடுத்துக்கொண்டு போவார், மடித்தபடியே கொண்டு வருவார். நான் எதுவும் சொல்லவில்லை. ஐந்தாவது வாரம் ஒருநாள் பை ஆணியிலேயே தொங்கியது. இரண்டு மணி நேரம் கழித்துக் கன்னம் சிவக்கத் திரும்பினார். "எங்கம்மா போனீங்க?" என்று என் வாயிலும் அதே கேள்விதான் வந்தது. "சும்மாதான்டி," என்றார்.

போன விடுமுறையில் தலத்தெருவில் ஒரு சாயங்காலம், "வாங்கம்மா, நடந்துட்டு வரலாம்" என்றேன். கூடையை எடுத்தவர், என்னைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். வாசல் தாண்டியதுமே எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து குரல் வந்தது: "அம்மாவும் பொண்ணுமா எங்க கெளம்பிட்டீங்க?"

அம்மா ஒரு நொடி தயங்கினார். "கோயிலுக்கு" என்றார்.

கோயிலைத் தாண்டியும் நடந்தோம்.