நுவரெலியாக் குளிரும் கணப்புச் சட்டியும்

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், பிதுருதலாகலையின் அடியில் அமைந்தது நுவரெலியா. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த எமக்குத் தை மாதத்து இரவுக் குளிர் பொறுக்கவொண்ணாததாயிற்று. கதவு, சாளரம் யாவும் அடைத்துக் கரிக் கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டோம். சற்று நேரத்தில் தலை வலித்தது. இளைய மகன் வாந்தியெடுத்தான். சட்டியை எடுத்துச்செல்ல வந்த முதிய காவற்காரர் கதவைத் திறப்பித்து எம்மை வெளியே அழைத்தார்.

“ஐயா, கரிச்சட்டியோடு கதவைப் பூட்டிப் படுத்தால் விடிய எழும்பமாட்டீர்கள்” என்றார்.

காற்றுக் குறைந்த இடத்தில் கரி எரிகையிற் பெருகும் காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியின் ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் வலிமையாய்ப் பற்றும். உறங்குவோர் உணராமலே உயிரிழப்பர். மலைநாடு செல்வோர் கம்பளியை நம்புக. கணப்பை வெளியே வைத்திடுக.