பென்னலூர்ப் பக்கம் ஒரு கொரியச் சாப்பாடு

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜரைச் சேவிக்கத்தான் நம்மில் பலரும் கிளம்புவோம். பூந்தமல்லி, தண்டலம், இருங்காட்டுக்கோட்டை தாண்டினால் பென்னலூர். இன்ஜினீயரிங் காலேஜ் இருக்கிற ஊர் என்பதோடு நம் ஞாபகம் சரி. ஆனால் இப்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். வட்டமும் கோடுமாக, புள்ளி வைக்காத கோலம் மாதிரி எழுத்தில் போர்டுகள்! அது கொரிய மொழி. 1996-ல் ஹூண்டாய் கம்பெனி இங்கே கால் வைத்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. கார் செய்ய வந்தவர்களுக்குச் சோறு வேண்டாமா? பின்னாலேயே ஹோட்டல்களும் வந்துவிட்டன.

அப்படி ஒன்றில் தங்கை குடும்பத்தோடு நுழைந்தோம். உட்கார்ந்ததுமே கேட்காமல் ஏழெட்டுக் கிண்ணங்கள். கீரை, முளைப்பயறு, முள்ளங்கி, அப்புறம் கிம்ச்சி. அதாவது முட்டைக்கோஸ் ஜாதிக் கீரையை உப்பு, மிளகாய், பூண்டு சேர்த்துப் புளிக்க வைத்தது. நம் ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ளாமல் கறியாகவே சாப்பிடுகிறார்கள். (சைவக்காரர்கள் கேட்டுச் சாப்பிடுங்கள், பெரும்பாலும் மீன் சாறோ உப்பு இறாலோ சேர்ந்திருக்கும். பிரஷர்காரர்களும் அளவோடு!)

பரிமாறியது பக்கத்துக் கிராமத்துப் பெண். நாலு வயசில் ஒரு பையன் இருக்கிறானாம். என் மச்சினருக்கு டம்ளரை இரண்டு கையாலும் நீட்டினாள். "பெரியவங்களுக்கு ஒத்தக் கையால ஊத்தினா அவங்க ஊர்ல மரியாதை இல்லம்மா" என்றாள். மது விற்காத கடை. அதனால்தான் மாமியார் வேலைக்குச் சம்மதித்தாராம்.

வெளிநாட்டு ஹோட்டல்களில் 'சோமெலியே' என்று ஒரு உத்தியோகம் உண்டு. எந்தப் பதார்த்தத்துக்கு எந்த ஒயின் சேரும் என்று பக்கத்தில் நின்று சொல்கிறவர். இத்தாலியில் 1965-ல் மிலான் நகரத்தில் இவர்களுக்கென்று சங்கமே ஆரம்பித்தார்கள். படித்துத் தேறி, கடல் கடந்து போய், அந்நிய ஊரில் தங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கு இப்படித் துணை நிற்கிற இத்தாலியர்கள் உண்டு. நாளெல்லாம் குடிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். ருசி பார்க்கும்போது வாயில் புரட்டிவிட்டுத் துப்பிவிடுவார்கள். மூக்குதான் மூலதனம், சென்ட் கூடப் பூசமாட்டார்கள். நைவேத்தியத்தை வாயில் வைக்காமலே, கொதிக்கிற வாசனையில் 'உப்பு போதாது' என்று சொன்ன நம் பாட்டிமார் கேட்டால் சிரிப்பார்கள்.

இந்தப் பெண்ணிடம் சர்ட்டிபிகேட் இல்லை. ஆனால் அவள் சொன்னதைக் கேளுங்கள். புதிதாக வந்த ஒரு கொரியப் பெரியவர் இரண்டு நாளாகத் தட்டைத் தொடவே இல்லையாம். கடைச் சமையல்காரரிடம் சொல்லி, பானை அடியில் பிடித்த காந்தலில் வெந்நீர் விட்டுக் கொதிக்க வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அவர்கள் ஊரில் சாப்பாட்டுக்கு அப்புறம் இதைக் குடிப்பது பழைய வழக்கம். 'சுங்நியுங்' என்று பெயர். "ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்சாரும்மா. எங்க வீட்டு நீராகாரம் மாதிரிதானே!"

எங்களுக்கு வந்தது பார்லித் தண்ணீர். கஞ்சி இல்லை, தேநீர் நிறத்தில் தெளிவாக, வறுத்த வாசனையோடு. வீட்டில் செய்வது சுலபம். ஒரு கைப்பிடி பார்லியைக் கழுவி உலர்த்தி, வெறும் வாணலியில் சிறு தீயில் நன்றாகச் சிவக்க வறுங்கள், கருகினால் கசக்கும். இரண்டு லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். சர்க்கரை வேண்டாம். காப்பி, டீயில் இருக்கிற கஃபீன் இதில் இல்லை. ராத்திரி குடித்தாலும் தூக்கம் கெடாது.

பில் கொடுக்க வந்தபோது மெதுவாகக் கேட்டாள். சிங்கப்பூரில் ஒரு கொரிய ஹோட்டலுக்கு ஆள் எடுக்கிறார்களாம்; சம்பளம் அதிகமாம். "ரெண்டு வருஷம்மா. திரும்பி வர்றப்போ புள்ளைக்கு ஆறு வயசாயிடும். என்னை அடையாளம் தெரியுமா?"

ஏஜென்ட் அரசாங்கத்தில் பதிவு செய்தவர்தானா என்று முதலில் பார், பணத்தை அப்புறம் கொடு என்று மட்டும் சொன்னேன். அவள் கேட்டது அதை இல்லை. அதற்குள் அடுத்த மேஜையில் மணியடித்தார்கள். பார்லித் தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு போனாள்.