பாட்டில் இல்லாத பேர்

கோடை விடுமுறைக்கு வந்த பேரன் கைப்பேசியில் ஒரு பாட்டை ஓடவிட்டான். பாஷை தெரியாது. ஆனாலும் காதைக் கொடுத்துக் கேட்டதில் இரண்டொரு சொல் பிடிபட்டது. ஸ்பானிஷ், பிரெஞ்சுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரிதானே.

"யாரோ செத்ததைப் பாடுறானா?"

"ஆமா தாத்தா. போதைப்பொருள் கடத்துறவன் கதை."

மெக்சிகோவில் கதைப்பாட்டுக்குக் கொரிடோ என்று பெயராம். முன்பு புரட்சி வீரர்களைப் பாடியது, பிறகு கடத்தல்காரர்களையும் பாட ஆரம்பித்து நார்கோகொரிடோ ஆனது. அப்படிப் பாடிய சாலினோ சாஞ்செஸ் 1992இல் சுட்டுக் கொல்லப்பட்டார். புகழ் அதன் பிறகுதான் பெருகியது. இந்த வகைப் பாட்டுகளும் பாடும் பெசோ ப்ளூமாவை 2023இல் உலகமே கேட்டது. 2025 மார்ச்சில் குவாதலஹாரா பக்கம் ஒரு கச்சேரியில், மேடைத் திரையில் கடத்தல் தலைவன் படத்தைக் காட்டினார்கள். அமெரிக்கா அந்தக் குழுவின் விசாவை ரத்து செய்தது. அடுத்த மாதம் தெஸ்கோகோ திருவிழாவில் ஒரு பாடகர் அந்தப் பாட்டுகளைப் பாட மாட்டேன் என்றதும், கூட்டம் மேடையை நொறுக்கிவிட்டது.

"தடை பண்றது தப்புதானே தாத்தா?" என்றான். சட்டென்று பதில் வரவில்லை.

நம் பக்கத்திலும் இது இருந்ததுதான். கொலைச் சிந்து என்போம். ஒரு கொலையோ கொள்ளையோ நடந்தால் போதும், சில நாளில் மெல்லிய தாளில் அச்சாகி, சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்பார்கள். தெற்கே ஜம்புலிங்கத்தைப் பற்றிப் பாடாத ஊர் இல்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' படித்தவர்களுக்கு இந்தப் புத்தகங்களின் கதை தெரியும்.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சிந்துதான். 1963 என்று நினைவு, எனக்குப் பத்து வயது. நாகூர் கந்தூரிக்குப் போனபோது ஒருவர் தப்பு அடித்துப் பாடிக்கொண்டிருந்தார். பத்துக் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கினேன். வாஞ்சூர் எல்லையில் சரக்கு கடத்திய ஒரு வீரனின் கதை. 1949இல் சுங்க உடன்பாடு முடிந்த பிறகு, பிரெஞ்சுக் காரைக்காலிலிருந்து கைக்கடிகாரம், பேனா, சீமைச் சாராயம் எல்லாம் ராத்திரியில் எல்லை தாண்டிப் போன காலம் அது. அவன் மீசைக்கு ஒரு பாட்டு, தோணிக்கு ஒரு பாட்டு, ஏழைக்குக் கொடுத்த கைக்கு ஒரு பாட்டு.

மறுநாள் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் பாடினேன். அப்பா வந்து ஓங்கி ஓர் அறை விட்டார். புத்தகம் அடுப்புக்குப் போயிற்று. எதற்கு என்று புரியாமல் அழுதுகொண்டிருந்தேன்.

சின்னம்மா எங்களோடுதான் இருந்தார்கள், வெள்ளைப் புடவையில். சித்தப்பா நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார் என்று மட்டும் தெரியும். அன்று சாயங்காலம் கொல்லைப்புறத்தில் வைத்துச் சொன்னார்கள். சின்னம்மாவின் பிறந்த ஊர் நாகூர்; அதனால் சித்தப்பா எல்லைக்கு அந்தப் பக்கம் சுங்கச் சாவடியில் காவலாள் வேலைக்குப் போனார். துப்பாக்கியெல்லாம் இல்லை, ஒரு தடியும் ராந்தலும்தான். ஒரு ராத்திரி அந்த வீரனின் ஆட்கள் மண்டையில் அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு கேட்டார்கள்: "பாட்டுல ஒங்க சித்தப்பா பேர் வருதாடா?"

யோசித்துப் பார்த்தேன். 'காவலன் விழுந்தான்' என்கிற மாதிரி அரை வரி வந்தது. பேர் இல்லை. இல்லை என்றேன்.

"சரி, சாப்பிட வா" என்று எழுந்து போனார்கள்.

அதே வருடம் பள்ளிக்கூடத்தில் முசியே எங்களுக்கு 'லா கொம்ப்ளேந்த் தெ மந்த்ரேன்' சொல்லிக்கொடுத்தார். மந்த்ரேனும் கடத்தல்காரன்தான். புகையிலை கடத்தி, பிரெஞ்சு மன்னரின் வரிக் குத்தகைக்காரர்களை அலறவிட்டவன். 1755இல் வலான்ஸ் நகரில் சக்கரத்தில் கட்டி, எலும்பை முறித்துக் கொன்றார்கள். பாட்டோ இருநூறு வருடம் கழித்து, கடல் தாண்டிக் காரைக்காலுக்கு வந்துவிட்டது. நன்றாகப் பாடினேன் என்று முசியே தட்டிக்கொடுத்தார். கடத்தல்காரனைப் பாடியதற்கு வீட்டில் அறை, பள்ளியில் பாராட்டு. மந்த்ரேனின் ஆட்கள் கொன்ற வரிக் காவலர்கள் யார் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிற்பாடு மேரியில் பல வருடம் இறப்புப் பதிவேடு எழுதினேன். பதிவில் முதலில் கேட்பது பேரைத்தான். பேர் எழுதும்போதெல்லாம் சின்னம்மா நினைவு வரும். சென்னையில் மரண கானா பாடுகிறவர்களும் செத்தவரின் பேரைச் சொல்லித்தானே பாடுகிறார்கள்.

பேரனிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "தடை வேண்டாம்டா. மந்த்ரேனைக் கொன்றும் பாட்டு சாகலை. ஆனா இனிமே இந்த மாதிரிப் பாட்டைக் கேட்டா, அடிபட்டவன் பேர் அதுல வருதான்னு ஒரு தடவை பாரு" என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், "அந்தத் தாத்தா பேர் என்ன?" என்றான். சொன்னேன். ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

இதைப் படிக்கும் நாகூர், காரைக்கால் நண்பர்கள் வீட்டுப் பரணில் அந்தச் சிந்துப் புத்தகம் கிடந்தால் தெரியப்படுத்துங்கள். அப்பா எரித்ததை இன்னொரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். பத்து வயதில் சரியாகப் பார்க்காமல் இல்லை என்று சொல்லிவிட்டேனோ என்று ஒரு சந்தேகம்.