கணினி விழுங்கிய ஓசை



கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு பழைய ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்றினேன். 1993-ஆம் ஆண்டு, சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் எங்கள் லயத்து வீட்டில் பதிவான நாடா. நான் அப்போது புகுமுக வகுப்பு மாணவன். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. தமிழகத்தில் இருந்த பெரிய மாமாவுக்குக் கடிதத்திற்குப் பதிலாகப் பேசிப் பதிவு செய்தார். ஏனோ அனுப்பப்படாமல் தகரப் பெட்டியிலேயே தங்கிவிட்டது. அந்தத் தோட்டத்தில் இன்று ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. எல்லாம் செம்பனை.

மாற்றும் வேலை கடினமன்று. நாடாக் கருவியின் இயர்போன் துளையிலிருந்து ஒரு கம்பியைக் கணினிக்குக் கொண்டுவந்து, ஒடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் பதிந்தால் போதும். (பயிற்சிக் கல்லூரியில் பென்சிலை விட்டு நாடாவைச் சுற்றிய கை இன்னும் மறக்கவில்லை!) கோப்பைக் கிள்ளானில் இருக்கும் தங்கைக்குப் புலனத்தில் அனுப்பிவிட்டு உறங்கப் போனேன்.

இரவே அழைத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"அண்ணே, அப்பா உளி தீட்டுற சத்தம் கேட்டியா?"

நான் கேட்கவில்லை. நாடாவில் அம்மாவின் குரல் மட்டுமே இருப்பதாக எண்ணியிருந்தேன். அப்பா 1996-இல் காலமானார். இரண்டு நிழற்படங்கள் உண்டு. குரல் எங்கும் பதிவாகவில்லை. மாலையில் வாசற்படியில் அமர்ந்து, மறுநாள் மரம் சீவுவதற்கு உளியைக் கல்லில் தீட்டுவார். அந்த ஓசையைத் தங்கை தன் கைப்பேசியில் கேட்டிருக்கிறாள். அப்படியானால் கோப்பில் அது இருக்கிறது. என் கணினிதான் மறைக்கிறது.

முதலில் அகப்பட்டது ஊடலை காதணி. ஒலிவாங்கியோடு கூடிய இத்தகைய காதணி சில கணினிகளின் ஒலிப் பட்டியலில் இரண்டு பெயர்களில் தோன்றும்: ஒன்று இசை கேட்க, மற்றொன்று அழைப்பில் பேச. என்னுடையது அழைப்பு நிலையில் கிடந்தது. அந்நிலையில் பெரும்பாலான காதணிகளுக்கு நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளே கிடைக்கும். மாதிரிகளின் எண்ணிக்கையில் பாதி அளவுக்குத்தான் ஒலியின் அதிர்வெண் தாங்கும் என்பது விதி. ஆகவே 8,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்டவை அடியோடு போய்விடும். கல்லில் இரும்பு உரசும் ஓசையின் கூர்மையில் ஒரு பகுதி அந்த மேல்தளத்தில் இருக்கக்கூடும். கம்பிக் காதணிக்கு மாறினேன். அம்மாவின் குரல் தெளிந்தது. உளி வரவில்லை.

அடுத்து விண்டோசின் ஒலி அமைப்பில் மாதிரி வீதத்தை 48,000-இலிருந்து 44,100-க்கு மாற்றினேன். கோப்பைப் பதிந்த அளவு அதுதான், குறுந்தட்டின் அளவும் அதுவே. மனிதச் செவிக்கு எட்டும் உச்சம் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்சு என்பதால் அது போதுமானது. சிலர் இதனை 192,000-க்கு உயர்த்தினால் ஒலி மெருகேறும் என்பார்கள். நாடாவில் இல்லாததைக் கணினி எங்கிருந்து கொண்டுவரும்? என் காதுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. 'மேம்பாடுகள்' என்ற பகுதியில் ஒலியைச் சமன்செய்யும் வசதியையும் நிறுத்தினேன். மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கும் வசதி அது. செய்தி கேட்க நல்லது. ஒரு வீட்டின் மாலைப் பொழுதைக் கேட்க நல்லதன்று.

கடைசியில் பிடிபட்ட குற்றவாளி நானேதான். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து இயங்கலையில் பாடம் நடத்தியபோது, மாணவர்களின் வீட்டுக் கோழியும் மோட்டார் சைக்கிளும் கேட்காமலிருக்க, மடிக்கணினியோடு வந்த ஒலிச் செயலியில் இரைச்சல் நீக்கத்தை முடுக்கியிருந்தேன். நம் ஒலிவாங்கிக்கு ஒரு பொத்தான். நமக்குக் கேட்கும் ஒலிக்கு இன்னொரு பொத்தான். இரண்டாவதை மறந்தே போனேன். அச்செயலிக்கு மனிதப் பேச்சு ஒன்றே ஒலி. மற்றவை யாவும் இரைச்சல். எத்தனை நாள் எதையெதையெல்லாம் அது விழுங்கியதோ!

நிறுத்தினேன்.

நாடாவின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் முதலில் வந்தது. அதனுள்ளே வாளி வைக்கும் ஓசை. பக்கத்து லயத்து நாய். பிறகு, சீராக, கல்லில் இரும்பு. இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். மீண்டும் இரண்டு இழுப்பு. நிறுத்தத்தில் கல்லில் நீர் தெளிப்பார், அது நினைவுக்கு வந்தது. ஓரிடத்தில் அம்மா, "அண்ணே, உங்க மச்சான் நல்லா இருக்காரு" என்கிறார். அப்போது தீட்டும் ஓசை நின்றுவிடுகிறது. ஒரு செருமல். பின்னர் மறுபடியும் தொடங்குகிறது.

அந்தச் செருமலை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. தங்கையிடம் சொன்னபோது, "நான் அதைக் கவனிக்கலையே" என்று அவள் மறுபடியும் கேட்கப் போனாள்.

உங்கள் கணினியிலும் அந்த இரண்டாம் பொத்தானை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்ட பிறகும் பாருங்கள். சில வேளைகளில் அது தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

நாடாவின் இரண்டாம் பக்கத்தை இன்னும் மாற்றவில்லை. உள்ளே நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சு உதிர்ந்துவிட்டது. வேறொரு நாடாவின் கூட்டுக்குள் இதனை மாற்றிப் பூட்ட வேண்டும். ஈப்போ வட்டாரத்தில் திருகாணி போட்ட பழைய ஒலிநாடா வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிவித்தால் நானே வந்து பெற்றுக்கொள்கிறேன். பாடல் எதுவாயினும் பரவாயில்லை.